ராத்திரியில் மொழிபெயர்க்கிறவருக்கு ஜிஎஸ்டி எதற்கு?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் இருக்கிறேன். ஜெர்மன் படித்தவள். மருத்துவக் கருவிகளின் கையேடுகள், வீடியோ வசனங்கள் என்று வீட்டிலிருந்தே மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். எனக்கு வேலை கொடுப்பவர்களில் பாதிப் பேர் அமெரிக்காவில். அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி. பத்து மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க விடியற்காலை நான்காகிவிடும். போன நிதியாண்டில் மொத்த வரவு 7 லட்சம். அதில் வெளிநாட்டு நிறுவனங்கள் இரண்டு கொடுத்தது 5 லட்சம், பெங்களூரு ஏஜென்சி ஒன்று கொடுத்தது 2 லட்சம். ஏஜென்சி 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கிறது. இப்போது ஜிஎஸ்டி எண் தராவிட்டால் பாக்கி கிடையாது என்கிறது. தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், ‘டாலர் வருகிறதா? அப்படியானால் ஜிஎஸ்டி, ஏற்றுமதி லைசென்ஸ், உத்யம், ராத்திரி வேலைக்கு அனுமதி எல்லாம் வேண்டும். 12,000 ரூபாய் கொடுத்தால் நானே முடித்துத் தருகிறேன், இல்லாவிட்டால் நோட்டீஸ் வரும்’ என்கிறார். ஆதார், பான் நகல்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். பணம் இன்னும் கட்டவில்லை. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அவர் சொன்ன நான்கில் உங்களுக்குப் பயன்படக்கூடியது உத்யம் என்ற சிறு தொழில் பதிவு ஒன்றே ஒன்றுதான். அதற்கும் அரசு ஒரு பைசா வாங்குவதில்லை.

முதலில் ஜிஎஸ்டி. சேவைத் தொழில் செய்கிறவர் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் வருடத்துக்கு 20 லட்சம் தாண்டினால்தான். கைக்கு வந்த தொகையையோ லாபத்தையோ வைத்து இதைக் கணக்கிடுவதில்லை, நீங்கள் போட்ட பில்களின் மொத்தத்தை வைத்துத்தான். அப்படிப் பார்த்தாலும் நீங்கள் பாதியைக்கூட எட்டவில்லை. வெளிமாநிலத்துக்கு விற்றால் ஒரு ரூபாய்க்குக்கூடப் பதிவு வேண்டும் என்று அந்த நண்பர் அடித்துச் சொல்லியிருப்பார். அது சரக்குக்கான விதி. சேவைக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில், அக்டோபரிலேயே சேவைக்கு அதைத் தளர்த்திவிட்டார்கள். நம்மூர்ப் புரோக்கர்கள் பலர் இன்னும் அந்த முதல் மூன்று மாதத்தைத் தாண்டி வரவில்லை. டாலராக வரும் 5 லட்சத்துக்கும் இதே 20 லட்சக் கணக்குதான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். சேலத்துக் குடும்பங்களில் இது அடிக்கடி நடப்பதால் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் பான் எண்ணில் வேறு தொழில் ஏதாவது ஓடுகிறதா? செவ்வாய்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையோ கடையோ வைத்திருக்கும் வீடுகளில், பேங்க் லோனுக்காகவோ வேறு காரணத்துக்காகவோ மருமகள் பெயரில் கணக்கை வைத்துவிடுவார்கள். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டதையே மறந்திருப்பார். ஆனால் 20 லட்சம் என்பது ஆளுக்கு, அதாவது பான் எண்ணுக்கு. தொழிலுக்குத் தனித்தனியாகக் கிடையாது. உதாரணமாக, உங்கள் பெயரில் உள்ள கொலுசுக் கடை வருடத்துக்கு 25 லட்சத்துக்கு உள்ளூரிலேயே விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு மட்டும் விற்கிறவருக்குத் தமிழ்நாட்டில் வரம்பு 40 லட்சம். அதனால் கடை பதிவில்லாமல் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும். அதே பானில் உங்கள் மொழிபெயர்ப்புச் சேவை சேர்ந்தால் வரம்பு 20 லட்சமாக இறங்கிவிடும், பதிவு கட்டாயமாகிவிடும். கடை ஏற்கெனவே பதிவில் இருந்தால் உங்கள் மொழிபெயர்ப்பு பில்லும் அந்த எண்ணில்தான் போக வேண்டும். பெங்களூருக்கு 18 சதவீத வரி போட வேண்டும். வெளிநாட்டு பில்லுக்கு வரி இல்லை, ஆனால் வருடா வருடம் எல்யூடி என்ற உறுதிமொழியை இணையத்தில் கொடுக்க வேண்டும். கடை காம்போசிஷன் திட்டத்தில் (சிறு கடைகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் ஏற்பாடு) இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது, அந்தத் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ சேவை தரவே கூடாது. ஏற்காட்டில் அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் இதே பான் கணக்குதான். எனவே வீட்டில் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் பான்.

‘எடுத்து வைத்தால் என்ன கெட்டுப்போகும்’ என்று சிலர் சொல்வார்கள். கெட்டுத்தான் போகும். பதிவு எடுத்துவிட்டால் வேலையே இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் உண்டு. பூஜ்யம் என்று சொல்வதற்குக்கூட ஒரு ரிட்டர்ன். மறந்தால் ரிட்டர்ன் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். ரத்து செய்த பிறகும் மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் என்று ஒன்றைப் போட வேண்டும். அதை யாரும் சொல்வதில்லை, அதற்கான அபராதத்தோடுதான் ஆட்கள் என்னிடம் வருகிறார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லத் தவறியதற்கு அபராதம் வாங்கும் ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ!

12,000 ரூபாயைவிட எனக்குப் பயமாக இருப்பது நீங்கள் அனுப்பிய ஆதார், பான் நகல்கள்தான். கூலி வேலை செய்கிறவர்களுக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்த செய்திகளைத் தமிழ்நாட்டில் அடிக்கடி படிக்கிறோம். லோன் வாங்கித் தருகிறேன், உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று ஆதாரும் பானும் ஓடிபியும் வாங்கிப்போன யாரோ, அவர்கள் பெயரில் போலிக் கம்பெனி தொடங்கிப் பொய் பில் போட்டதன் விளைவு அது. உங்கள் ஆள் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விடியற்காலை நான்கு மணிக்குப் படுக்கிறவருக்குக் காலை பதினோரு மணி என்பது நடுநிசி. அந்த நேரத்தில் போன் வரும். ‘மேடம், ஒரு ஓடிபி வந்திருக்கும் பாருங்க’ என்பார்கள். தூக்கக் கலக்கத்தில் படித்துச் சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிடுவீர்கள். அந்த ஆறு எண்தான் உங்கள் கையெழுத்து. யார் கேட்டாலும், நானே கேட்டாலும், சொல்லாதீர்கள்.

இன்றே ஒன்று செய்யுங்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில், லாகின் இல்லாமலே, பான் எண்ணைக் கொடுத்துத் தேடும் வசதி இருக்கிறது. உங்கள் பானைப் போட்டுப் பாருங்கள். பதிவு எதுவும் இல்லை என்று வந்தால் சரி. மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாத கம்பெனிப் பெயர் வந்தால் அந்தத் தளத்திலேயே புகார் போட்டுவிட்டு, மறுநாள் வரை காத்திருக்காமல் சைபர் கிரைம் போலீஸிலும் எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் அந்த 10 சதவீதம். அது ஏஜென்சியின் கமிஷனா, டிடிஎஸ்ஸா (உங்கள் வருமான வரிக்காக முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டுவது) என்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் தெளிவில்லை. டிடிஎஸ் என்றால் அது உங்கள் பணம், வருமான வரியில் திரும்பி வரும். வருமான வரித் தளத்தில் நுழைந்து, உங்கள் பானில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பாருங்கள். ஏஜென்சி பெயரில் 20,000 ரூபாய் தெரிந்தால் கவலை இல்லை. தெரியாவிட்டால், பிடித்தவர்கள் அரசுக்குக் கட்டவில்லை அல்லது உங்கள் பானைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். உடனே மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் கேட்காதீர்கள். பிடித்த வரியை ஏஜென்சி கட்டாமல் விட்டால் அதை உங்களிடம் வசூலிக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கம்ப்யூட்டருக்குச் சட்டம் தெரியாது, 26ஏஎஸ்ஸில் இல்லை என்றால் இல்லை என்றே சொல்லும். தப்பு செய்தவன் நிம்மதியாக இருக்க, நீங்கள் பில், பேங்க் ஸ்டேட்மென்ட், மின்னஞ்சல் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அலைய வேண்டும். இத்தனை வருடமாக இதைச் சரிசெய்ய யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

வருமான வரியைப் பொறுத்தவரை உங்கள் நிலைமை சுலபம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை. எனவே 7 லட்சத்தை அப்படியே காட்டினாலும் வரி வராது. ரிட்டர்ன் மட்டும் போட்டாக வேண்டும். போட்டால்தான் பிடித்த பணமும் வரும். சம்பளக்காரர்களுக்கான ஐடிஆர்-1 படிவத்தில் உங்கள் வரவைச் சம்பளமாகக் காட்டி ‘ஈஸியா முடிச்சிடலாம்’ என்கிறவரிடம் போகாதீர்கள். ரீஃபண்டில் பங்கு கேட்கிறவரிடம் போகவே போகாதீர்கள். இல்லாத வரிக் கழிவுகளை எழுதிப் பணத்தை வாங்கித் தந்துவிட்டுப் போய்விடுவார். பொய்க் கணக்குக்கான அபராதம், ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு, உங்கள் தலையில்தான் விழும்.

ஏஜென்சி பாக்கிக்கு வருவோம். 20 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் பதிவு தேவையில்லை, அதனால் பில்லில் ஜிஎஸ்டி இல்லை என்று ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். அவர்களுக்கு இதில் ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. அவர்கள் வற்புறுத்தினாலும் பதிவில்லாமல் பில்லில் 18 சதவீதம் சேர்த்துவிடாதீர்கள், அது குற்றம். உங்களுக்குப் பயன்படும் என்று சொன்ன அந்த ஒன்று உத்யம் பதிவு. அரசுத் தளத்தில் ஆதார், பான் கொடுத்து நீங்களே பதியலாம். கட்டணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு தேடலில் முதலில் வந்து நிற்கும், முகவரி கவ் டாட் இன் (gov.in) என்று முடிகிறதா பாருங்கள். குழப்பமாக இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். பதிவு செய்த சிறு தொழிலுக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகாரை 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் எத்தனை நாள் என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் இந்த 45 நாள் விதியைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் போனாலே, பாக்கியைக் கொடுக்கப் பல ஏஜென்சிகளுக்கு எங்கிருந்தோ பணம் கிடைத்துவிடுகிறது.

டாலர் வரும்போது பேங்க் எதற்கான பணம் என்று கேட்கும். சுலபமாக இருக்கிறதே என்று ‘குடும்பச் செலவுக்கு’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், தொழில் வரவு என்றே சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கான சான்றிதழை பேங்கில் கேட்டு வாங்கி பில்லோடு சேர்த்து வையுங்கள். ‘டாலரை எங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள், நல்ல ரேட்டில் கையில் தருகிறோம்’ என்பவர்களிடம் பேச்சே வேண்டாம்.

மற்றவை ஒரு வரியில். சேவை ஏற்றுமதிக்கு, ஏற்றுமதிச் சலுகை எதுவும் கேட்காதவரை, ஏற்றுமதி லைசென்ஸ் தேவையில்லை. சொந்த வீட்டில், சொந்த லேப்டாப்பில் எந்த நேரத்தில் உட்கார்ந்து வேலை செய்யவும் எவரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது. அந்த ஆள் சொல்லாமல் விட்ட ஒன்று தொழில் வரி. அதை அரையாண்டுக்கு ஒருமுறை மாநகராட்சிக்குக் கட்ட வேண்டும். எப்படிப் போனாலும் வருடத்துக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது. நேராக மாநகராட்சியிலேயே கட்டி ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.