வாசகர் கேள்வி – பதில்: பழைய டூரிங் பைக்கில் எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: என்னிடம் 1999ஆம் ஆண்டு ஹோண்டா விஎஃப்ஆர் 800 இருக்கிறது. 80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. நானும் மனைவியும் இரண்டு பக்கப் பெட்டிகளோடு நெடுந்தூரம் போவோம். இப்போது முன்போல் இழுக்கவில்லை. புதிய பைக்குகளுக்குப் பக்கத்தில் சோர்வாகத் தெரிகிறது. இலகுவான சைலன்சர், காற்றைத் தாராளமாக விடும் ஃபில்டர், எரிபொருள் அளவை மாற்றும் மின்னணுப் பெட்டி ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட நினைக்கிறேன். சரியான தேர்வா?

பதில்: இப்போதைக்கு மூன்றையும் வாங்காதீர்கள். உங்கள் குறையை இவை தீர்க்கப்போவதில்லை.

புதிதாக இருந்தபோது உங்கள் வண்டியின் வி4 (நான்கு சிலிண்டர்கள் V வடிவில் அமைந்த) இன்ஜின் சுமார் 110 குதிரைத்திறன் தந்தது. சமதரையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல, நீங்கள் இருவரும் பெட்டிகளும் ஏறியிருந்தாலும், அதில் இருபதுகூட வேண்டியிருக்காது. நீங்கள் சொல்லும் சைலன்சரால் மூன்று நான்கு குதிரைத்திறன் கூடலாம். அதுவும் பெரும்பாலும் இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்றுகளைத் தாண்டிய பிறகுதான் கைக்குக் கிடைக்கும். மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு அந்தச் சுற்றுகளில் எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள்? எந்தப் பாகத்தை வாங்குமுன்பும் நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: ஒரு முழு நாள் பயணத்தில் இந்தப் பாகம் எவ்வளவு நேரம் வேலை செய்யும்? சைலன்சர் சில நொடிகள் வேலை செய்யும். சாலையின் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனும் டயரும் ஒவ்வொரு மீட்டரும் வேலை செய்யும்.

முதலில், வண்டி ஏன் இழுக்கவில்லை என்று பாருங்கள். இந்த வயதில் இன்ஜின் பலம் ஒரே இடத்தில் கசிவதில்லை; பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். தடையின்றித் தாராளமாகச் சுற்ற வேண்டும். உடனே நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது செயின் கண்ணிகள் இறுகிவிட்டன. பிறகு ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வெடித்துப்போன வேக்குவம் ரப்பர் குழாய்கள். அடுத்தது வால்வு இடைவெளி. உங்கள் மாடலில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டுகளைப் பற்சக்கரங்கள் ஓட்டுகின்றன; 2002இல் வந்த விடெக் (சுற்றுக்கேற்ப வேலை செய்யும் வால்வுகளின் எண்ணிக்கையை மாற்றும் அமைப்பு) மாடலில்தான் செயின் வந்தது. பற்சக்கரம் தளர்ந்துபோவதில்லை என்ற நம்பிக்கையில் பலர் இந்த இன்ஜினைத் திறப்பதே இல்லை. கேம்ஷாஃப்ட்டை எது ஓட்டினாலும் வால்வு இருக்கையில் தேய்ந்து இறங்கத்தான் செய்யும். இடைவெளி குறைந்த வால்வு முழுதாக மூடாது; சூட்டில் கருகத் தொடங்கும். இதையெல்லாம் முடித்தபின் சிலிண்டர்களுக்குக் காற்றை விடும் நான்கு த்ராட்டில் பாடிகளையும் வேக்குவம் மீட்டரில் சமன்செய்யுங்கள். நான்கு சிலிண்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்கத் தொடங்கியதும் கீழ்ச்சுற்றுகளில் இருந்த உதறல் போய்விடும். ‘இழுக்கவில்லை’ என்று என்னிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே சரியாகிவிடுகின்றன. இதற்கு விலையுயர்ந்த பாகம் எதுவும் தேவையில்லை. பொறுமையுள்ள மெக்கானிக் ஒருவர் போதும்.

மிச்சப்படும் பணத்தைச் சஸ்பென்ஷனில் போடுங்கள். 80,000 கிலோமீட்டர் ஓடிய பின்பக்க ஷாக் அப்சார்பரைத் தொட்டுப் பார்க்காமலே சொல்லலாம்: உள்ளே இருக்கும் எண்ணெய் தன் பிசுபிசுப்பை இழந்திருக்கும், வாயு அழுத்தம் குறைந்திருக்கும். இருக்கையை ஓங்கி அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒரே மூச்சில் எழுந்து நின்றுவிட்டால் உயிர் இருக்கிறது. இரண்டு மூன்று முறை ஆடினால் டேம்பிங் (ஆட்டத்தை அடக்கும் திறன்) போய்விட்டது. இது நாளடைவில் நடப்பதால் ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை. வளைவில் வண்டி அலைவதைத் தன் வயதின் தயக்கம் என்று எண்ணிக்கொண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். நல்ல ரைடர்கள் பலர் இப்படித் தங்கள் மீதே நம்பிக்கை இழந்திருக்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்துகிறதா என்று அளந்து பாருங்கள். ஃபோர்க்கின் உள்குழாயில் ஜிப் டை எனப்படும் ஒரு பிளாஸ்டிக் கட்டு போட்டு இறுக்கி, தூசி மறைக்கும் சீலை ஒட்டித் தள்ளிவையுங்கள். முழு உடையோடு வண்டியில் மெல்ல அமர்ந்து, பிறகு மெல்ல இறங்குங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கட்டுக்கும் சீலுக்கும் இடையிலான தூரத்தை அளவிடுங்கள். சாலைக்கு 30 முதல் 40 மில்லிமீட்டர் சரியான அமிழ்வு. 50ஐத் தாண்டினால் ஸ்பிரிங் உங்களுக்கு மெலிது. ப்ரீலோடை (ஸ்பிரிங்குக்கு முன்கூட்டியே தரும் அழுத்தத்தை) திருகி ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். முடியாது. திருகினால் வண்டி நிற்கும் உயரம்தான் மாறும்; ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்பது மாறாது. கெட்டியான ஸ்பிரிங் வேண்டுமென்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். மாற்றும்போது ஃபோர்க் ஆயில், சீல், புஷ்ஷையும் மாற்றிவிடுங்கள்.

பின்பக்கத்துக்குப் பிரித்துப் பழுதுபார்க்கக்கூடிய ஷாக்கை வாங்குங்கள். ஓலின்ஸ், வில்பர்ஸ், ஹைப்பர்ப்ரோ போன்ற தயாரிப்பாளர்கள் உங்கள் எடை, மனைவியின் எடை, பெட்டிகளின் எடை ஆகியவற்றைக் கேட்டு அதற்கேற்ற ஸ்பிரிங் போட்டுத் தருவார்கள். உண்மையான எடையைச் சொல்லுங்கள். ரைடிங் ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து. கையால் திருகும் ப்ரீலோட் குமிழ் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இருவரும் பெட்டிகளும் ஏறியதும் பின்புறம் தாழ்ந்து முன்புறம் தூக்கிக்கொள்ளும். ஹெட்லைட் எதிரில் வருபவரின் கண்ணில் அடிக்கும், ஹேண்டில் மந்தமாகத் திரும்பும். குமிழை நாலைந்து சுற்றுத் திருப்பினால் வண்டி மீண்டும் தன் நிலைக்கு வரும். கருவி எடுத்து, குனிந்து, விரல் கிழிபடத் திருப்ப வேண்டிய அமைப்பை யாரும் பயணத்தில் தொடுவதில்லை.

இதற்குமுன் ஒன்று: ஸ்டியரிங் பேரிங், பின் ஷாக்கைச் சக்கரத்தின் கையோடு இணைக்கும் லிங்கேஜின் பேரிங் இரண்டும் சரியாக இருக்க வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ‘டொக்’ என்று நின்றால் ஸ்டியரிங் பேரிங்கில் பள்ளம் விழுந்துவிட்டது. அதை விட்டுவிட்டு விலையுயர்ந்த ஷாக்கைப் போடுவது, விரிசல் விட்ட சுவருக்கு வெள்ளையடிப்பது மாதிரி.

டயர் பற்றிச் சுருக்கமாக. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். டயரின் வரிப்பள்ளங்கள் நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் ஈரத்தில் பிடிக்காது. நடுவில் கெட்டியும் ஓரத்தில் மிருதுவுமாக இருவகை ரப்பரில் செய்த டூரிங் டயரே உங்களுக்கு ஏற்றது. ரேஸ் டயர் வேண்டாம். நெடுஞ்சாலையில் அதற்குத் தேவையான சூடே ஏறாது.

இவ்வளவையும் செய்து ஒரு பருவம் ஓட்டிய பிறகும் சைலன்சர் ஆசை இருந்தால் போடுங்கள். எடை குறையும், ஒலி மாறும். அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல மாட்டேன். மின்னணுப் பெட்டியை அப்போது யோசிக்கலாம். இன்ஜின் மூச்சு விடும் விதம் மாறாதபோது அதற்கு வேலை குறைவு.

கேள்வி: முன் ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பற்சக்கரத்தில்) ஒரு பல் குறைத்தால் வண்டி சீறும் என்கிறார்கள். என்னுடையது முன்னால் 17 பல், பின்னால் 43. செய்யலாமா?

பதில்: செய்யலாம். செலவைப் பார்த்தால் மிக நல்ல மாற்றம். 43ஐ 17ஆல் வகுத்தால் 2.53, 16ஆல் வகுத்தால் 2.69. சுமார் 6 சதவீதம் வித்தியாசம். எல்லாக் கியரிலும் பின்சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை அந்த அளவு கூடும். சுமையோடு மேடேறும்போது கியர் குறைக்கும் வேலை குறையும்.

ஆனால் முன்பு 5,000 சுற்றில் ஓடிய வேகத்துக்கு இப்போது 5,300 சுற்று வேண்டும். நாள் முழுவதும் நெடுஞ்சாலையிலேயே ஓட்டுபவராக இருந்தால் அதிர்வும் எரிபொருள் செலவும் கொஞ்சம் கூடும். மலைப்பாதையில் ஓட்டுபவர் தயங்க வேண்டாம். வேகமானி எங்கிருந்து அளவெடுக்கிறது என்றும் பாருங்கள். முன்சக்கரத்திலிருந்து என்றால் கவலையில்லை. கியர்பாக்ஸ் பக்கமிருந்து என்றால் உண்மையைவிட அதிக வேகம் காட்டும். தூரக் கணக்கும் தவறும். தேய்ந்த செயினில் புதிய ஸ்பிராக்கெட்டை மட்டும் மாட்டாதீர்கள். செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: எனது விஎஃப்ஆரின் இணைப்பு பிரேக் எனக்குப் பிடிக்கவில்லை. பின்பிரேக் சில நேரம் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. முன்னையும் பின்னையும் தனித்தனியாகப் பிரித்துவிட நண்பர்கள் சொல்கிறார்கள். நல்ல யோசனையா?

பதில்: இரண்டு விஷயங்களைக் கலந்துவிட்டீர்கள். பிடித்துக்கொண்டு விடாதது பழுது. பிடிக்கவில்லை என்பது விருப்பம். முதலாவதைத் தீர்த்த பிறகு இரண்டாவதைப் பேசுவோம்.

1998இல் வந்த விஎஃப்ஆர் 800 மாடலில் கைப்பிடியை அழுத்தினால் முன் காலிப்பர்கள் (பிரேக் கவ்விகள்) டிஸ்கைப் பிடிக்கும். இடது காலிப்பர் அசையாமல் பொருத்தப்பட்டதல்ல. டிஸ்க் இழுக்கும் இழுப்பில் சற்றே சுழலும். அந்தச் சுழற்சி அருகிலுள்ள சிறிய இரண்டாம் மாஸ்டர் சிலிண்டரை (பிரேக் ஆயிலுக்கு அழுத்தம் தரும் பாகத்தை) அழுத்தி, பின்சக்கரத்துக்கு அழுத்தம் அனுப்பும். கால் மிதியை அழுத்தினால் பின்னோடு சேர்ந்து முன் காலிப்பர்களிலும் சில பிஸ்டன்கள் இயங்கும். நுட்பமான, அழகான அமைப்பு. ஆனால் பழைய எண்ணெயைப் பொறுக்காது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்துக்கு வரையறுத்த குறைந்தபட்சக் கொதிநிலை, புதியதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி. அந்த ஈரமே சிலிண்டருக்குள் அரிப்பையும் கசடையும் உண்டாக்கும். இரண்டாம் சிலிண்டரில் எண்ணெய் திரும்பும் துளை மிகச் சிறியது. அது அடைபட்டால் அழுத்தம் திரும்பாது, பின்பிரேக் விடாது.

நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பின்சக்கரத்தைச் சுழற்றச் சொல்லுங்கள். நீங்கள் இடது முன் காலிப்பரைக் கையால் வலுவாக, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையில் தள்ளுங்கள். பின்சக்கரம் நிற்க வேண்டும். கையை எடுத்த உடனே விட வேண்டும். தள்ளியும் நிற்காவிட்டால் காலிப்பரின் சுழல் பேரிங் இறுகியிருக்கலாம், அல்லது குழாயில் காற்று இருக்கலாம். நின்றுவிட்டு விடாவிட்டால் இரண்டாம் சிலிண்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள், அல்லது புதியதைப் போடுங்கள். அதுவரை நெடும்பயணம் வேண்டாம். பிடித்தபடியே சூடேறும் பின்பிரேக் ஓடும்போதே சக்கரத்தை முழுதாக நிறுத்திவிடலாம்.

காற்று எடுக்கும்போது சர்வீஸ் கையேட்டில் உள்ள வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். வரிசை மாறினால் எங்காவது ஒரு குமிழி தங்கிவிடும். இருபது வயதைத் தாண்டிய ரப்பர் குழாய்களுக்குப் பதிலாக எஃகு இழை பின்னிய குழாய்கள் போட இதுவே நேரம். அழுத்தத்தில் அவை உப்புவதில்லை என்பதால் லீவரில் கிடைக்கும் உறுதி வியக்க வைக்கும்.

இனி விருப்பம். பின்னால் ஆள் அமர்த்திச் சுமையோடு ஓட்டுபவருக்கு இணைப்பு பிரேக் நல்ல துணை என்பது என் கருத்து. எடை பின்னால் இருக்கும்போது பின்சக்கரத்துக்கும் நிறுத்தும் வேலையில் பங்கு உண்டு. வண்டி முன்னால் குத்தாமல் நிற்கும். பிரிப்பதென்றால் குழாய் மாற்றுவதோடு முடியாது. கூடுதல் பிஸ்டன்களை இயக்க மாஸ்டர் சிலிண்டரின் அளவும் மாற வேண்டும், காலிப்பர்களும் மாறலாம். பிரேக் கணக்கை நன்றாக அறிந்தவர் உடனில்லாமல் இதில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: 1990களின் கடைசியில் வந்த டூரிங் பைக் வைத்திருக்கிறேன். குளிருக்குச் சூடாகும் கைப்பிடியும் கூடுதல் விளக்குகளும் போட ஆசை. ஆனால் ஏற்கெனவே இரண்டு பேட்டரிகள் வீணாகிவிட்டன. என் அண்ணன், பெரிய பேட்டரி போடு என்கிறார்.

பதில்: உங்கள் அண்ணனிடம் பேட்டரியை விட்டுவிட்டு மீட்டரை எடுத்து வரச் சொல்லுங்கள், சகோதரி. சார்ஜ் ஆகாத பேட்டரி பெரிதாக இருந்தாலும் ஒரு நாள் தாமதமாகத்தான் சாகும்.

இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, பேட்டரி முனைகளில் வோல்ட்டேஜ் அளவிடுங்கள். 5,000 சுற்றில் 13.5க்கும் 14.5க்கும் இடையில் இருந்தால் நல்லது. 13ஐத் தொடவில்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை. 15ஐத் தாண்டினால் பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் உள்ள ரெகுலேட்டர் (வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் பாகம்), தேவைக்கு மேல் வரும் மின்சாரத்தைக் குறுக்கிணைத்துத் திருப்பிவிடும். அதனால் நீங்கள் விளக்குப் போடாவிட்டாலும் ஸ்டேட்டர் (இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுருள்) எப்போதும் முழு மின்னோட்டத்தைச் சுமக்கிறது, ரெகுலேட்டரும் சூடாகிறது. அதற்குப் பதிலாக மாஸ்ஃபெட் (குறைந்த சூட்டில் வேலை செய்யும் மின்னணுச் சுவிட்ச்) வகை போட்டால் ரெகுலேட்டரின் சூடு வெகுவாகக் குறையும். தொடர்நிலை வகை ரெகுலேட்டர் இன்னும் நல்லது. தேவையில்லாதபோது ஸ்டேட்டருக்கும் ஓய்வு தரும்.

சூடாகும் கைப்பிடி 30 முதல் 40 வாட் எடுக்கும். சார்ஜிங் சரியாக இருந்தால் தாங்கும். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து, சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் போகும்படி இணையுங்கள். கூடுதல் விளக்குகளை எல்இடியாக வாங்குங்கள். ஹெட்லைட்டில் மட்டும் ஹாலஜன் பல்புக்குப் பதில் எல்இடி பல்பைச் செருக வேண்டாம். அந்தப் பிரதிபலிப்பான் ஹாலஜன் இழை நிற்கும் இடத்துக்காகச் செய்தது. ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

எதையும் வாங்குமுன் ஸ்டேட்டரிலிருந்து ரெகுலேட்டருக்கு வரும் மூன்று கம்பிகளின் இணைப்பானைக் கழற்றிப் பாருங்கள். மூன்றும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ உருகியிருந்தாலோ அதை வெட்டியெடுத்துவிட்டு, தடித்த முனைகளோடு புதிய இணைப்பான் போடுங்கள். பிறகு மறுபடி வோல்ட்டேஜ் அளவிட்டு, என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள்.