பகிர்வுச் சேவையில் இருக்கும் படங்களைச் சொந்தத் தளத்தில் காட்டுவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒரு படப்பகிர்வுச் சேவையில் இலவசக் கணக்கு தொடங்கி 600-க்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்திருக்கிறேன். அவற்றுள் சிலவற்றை என் சொந்தத் தளத்தில் காட்டுவதற்காக, படத்தின் மீது வலது சொடுக்கி முகவரியை நகலெடுத்து ஒட்டினேன். முதல் நாள் நன்றாகத் தெரிந்த படங்கள் மறுநாள் காலையில் காணாமல் போய், வெற்றுக் கட்டங்கள் மட்டும் நிற்கின்றன. கட்டணக் கணக்குக்கு மாறினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். மாறலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், குறை உங்கள் கணக்கில் இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் எடுத்த முகவரியில்தான் இருக்கிறது. பகிர்வுச் சேவையில் உள்ள ஒரு படத்துக்குப் பொதுவாக மூன்று வகை வழிகள் உண்டு. படமும் தலைப்பும் சேர்ந்து தெரியும் பக்கத்தின் முகவரி ஒன்று; அந்தப் பக்கத்துக்குள் வந்து நிற்கும் படக்கோப்பின் முகவரி இன்னொன்று; வெளித்தளங்களில் காட்டுவதற்கென்றே சேவை எழுதித் தரும் எம்பெட் குறிநிரல் மூன்றாவது. வலது சொடுக்கி எடுத்தால் கையில் கிடைப்பது இரண்டாவது. அது நிலைத்திருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. கூகுள் போட்டோஸ் பிற செயலிகளுக்குத் தரும் படக்கோப்பு முகவரி 60 நிமிடங்கள் மட்டுமே செல்லுபடியாகும் என்று அதன் தொழில்நுட்பக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். அங்கே சந்தா கட்டினால் சேமிப்பிடம் கூடுமே தவிர, அந்த முகவரியின் ஆயுள் கூடாது.

எம்பெட் வசதியை வெளிப்படையாகத் தரும் சேவை என்றால், இலவசக் கணக்கே பெரும்பாலும் போதும். ஃபிளிக்கரில், பொதுப் பார்வைக்கு வைத்த படத்தின் பக்கத்தில் பகிர்வதற்கான அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தி, எம்பெட் பகுதிக்குப் போய், அளவைத் தேர்ந்தெடுத்தால் குறிநிரல் கிடைக்கும். ஒட்டிய பிறகு ஒரு சோதனை அவசியம். உலாவியின் மறைநிலைச் சாளரத்தில், எந்தக் கணக்கிலும் நுழையாமல் உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள்; மறுநாளும் ஒருமுறை பாருங்கள். கணக்கில் நுழைந்த நிலையில் பார்ப்பவருக்கு எல்லாப் படமும் தெரியும் என்பதால், வாசகர்களுக்குத் தெரிவது வெற்றுக் கட்டம்தான் என்பது பலருக்கு மாதக்கணக்கில் தெரியாமலே போகிறது.

பிறகும் சந்தா தேவை என்று தோன்றினால், விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் விதிமுறைகளைப் படியுங்கள். வெளித்தளங்களில் காட்ட அனுமதி எந்தத் திட்டத்தில் இருக்கிறது, சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் ஏற்கெனவே காட்டிக்கொண்டிருக்கும் படங்கள் என்னவாகும், எல்லாப் படங்களையும் மூல அளவிலேயே ஒட்டுமொத்தமாகப் பதிவிறக்க முடியுமா என்ற மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்க வேண்டும். நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2017 ஜூன் மாத இறுதியில் ஃபோட்டோபக்கெட் நிறுவனம், வெளித்தளங்களில் படம் காட்டும் வசதியை ஆண்டுக்கு 399.99 டாலர் திட்டத்துக்குள் கொண்டுபோனது. அதுவரை இலவசமாகக் காட்டிவந்த எண்ணற்ற தளங்களில், படங்கள் இருந்த இடத்தில் கணக்கை மேம்படுத்தச் சொல்லும் அறிவிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த ஆண்டு அந்த முடிவைத் தளர்த்தினார்கள் என்றாலும், அதற்குள் பலர் படங்களை வேறிடங்களுக்கு மாற்றிவிட்டார்கள். ஃபிளிக்கரும் 2013-இல் அனைவருக்கும் ஒரு டெராபைட் இடம் என்று அறிவித்துவிட்டு, நிறுவனம் கைமாறிய 2018-இல், இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள்தான் என்று வரம்பு கட்டியது.

என் அனுபவமும் இதைப் போன்றதே. பல ஆண்டுகளாகச் சேர்த்த பறவைப் படங்கள் 140-ஐ ஒரு சேவையிலிருந்து என் தளத்தில் காட்டிவந்தேன். ஒருநாள் காலை அத்தனையும் சாம்பல் நிறச் சதுரங்களாகிவிட்டன. ஒவ்வொன்றின் கீழும் பறவையின் பெயரும் பார்த்த தேதியும் மட்டும் அப்படியே இருந்தன. மூலக்கோப்புகளில் பாதிக்கு மேல் என் கணினியில் இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. ஆகவே, எந்தச் சேவையைத் தேர்ந்தெடுத்தாலும் மூலப்படங்கள் உங்கள் வன்தட்டில் இருக்கட்டும். காட்ட வேண்டியவை நூறு படங்களுக்குள் என்றால், பகிர்வுச் சேவையை நம்பாமல் உங்கள் தளத்திலேயே ஏற்றிவிடுவதுதான் என் பரிந்துரை. 1,600 பிக்ஸல் அகலத்துக்குச் சுருக்கினால் ஒரு படம் பொதுவாகச் சில நூறு கிலோபைட்டுகளில் அடங்கிவிடும். 400 கிலோபைட் என்று வைத்துக்கொண்டாலும் நூறு படங்களுக்கு 40 மெகாபைட்தான் ஆகும்.

கேள்வி: பிறர் எடுத்துப் பொதுவில் வைத்திருக்கும் படங்களை எம்பெட் செய்து காட்டினால் உரிமைச் சிக்கல் வருமா?

பதில்: பொதுவில் வைத்திருக்கிறார் என்பதற்கு எல்லோரும் பார்க்கலாம் என்பதே பொருள், எடுத்துக்கொள்ளலாம் என்பது பொருளன்று. படத்தின் பக்கத்தில் உரிமக் குறிப்பு இருக்கும். எல்லா உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை என்றிருந்தால், படம் எடுத்தவருக்கு எழுதிக் கேளுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், அதாவது சில நிபந்தனைகளுடன் யாரும் பயன்படுத்தலாம் என்று எடுத்தவரே முன்கூட்டித் தரும் பொது அனுமதி என்றால், அதில் ஆறு வகைகள் உண்டு. சில வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும். சில, மாற்றிய படத்தைப் பகிர்வதைத் தடுக்கும். ஆறுமே எடுத்தவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்கின்றன. தளத்தில் விளம்பரம் ஓடுகிறது என்றால், வணிகமல்லாத பயன்பாட்டுக்கான உரிமத்தை நம்பி இறங்காமல் எடுத்தவரிடம் கேட்டுவிடுவது நல்லது. படத்தின் தலைப்பு, எடுத்தவர் பெயர், மூலப் பக்கத்துக்கான இணைப்பு, உரிமத்தின் பெயர் ஆகிய நான்கையும் படத்தின் அடியிலேயே எழுதுங்கள். உரிமக் குறிப்பு தெரியும்படி அந்தப் பக்கத்தைத் தேதியுடன் ஒரு திரைப்பிடிப்பாகவும் எடுத்து வையுங்கள். எடுத்தவர் பின்னாளில் உரிமத்தை மாற்றினாலும், முன்பு அந்த உரிமத்தின்கீழ் நீங்கள் பெற்ற அனுமதி ரத்தாகாது என்பதால் அதுவே உங்கள் சான்று.

கோப்பை நான் நகலெடுக்கவில்லை, எம்பெட்தானே செய்தேன் என்ற வாதம் எல்லா இடத்திலும் செல்லாது. அமெரிக்காவிலேயே, படம் பிறர் சேவையகத்தில் இருக்கும்வரை காட்டுபவர் நேரடியாக உரிமையை மீறியவர் ஆகமாட்டார் என்ற தொனியில் 2007-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2018-இல் நியூயார்க்கில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அந்த அளவுகோலை ஏற்க மறுத்தது.

கேள்வி: என் படங்களிலிருந்து வீட்டின் இருப்பிடம் தெரிந்துவிடுமா?

பதில்: தெரியக்கூடும். கைபேசி கேமராவில் இருப்பிட வசதி இயங்கியிருந்தால், எக்சிஃப் எனப்படும் தகவல் பகுதியில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கும். பகிர்வுச் சேவையின் அமைப்புகளில் இருப்பிடத்தை மறைத்துவிடுங்கள். சொந்தத் தளத்தில் நேரடியாக ஏற்றும்போது அத்தகவலை நீக்கிய நகலை ஏற்றுங்கள்.

கேள்வி: என் தனிப்பட்ட இன்ஸ்டாகிராம் கணக்கின் படங்கள் தளத்தில் தானாகவே வரிசையாகத் தெரியும்படி செய்யும் ஒரு விட்ஜெட்டுக்கு ஆண்டுச் சந்தா கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஆண்டுச் சந்தா வேண்டாம். தனிப்பட்ட கணக்குகளின் படங்களை இத்தகைய விட்ஜெட்டுகள் பெற்றுவந்த வழியை இன்ஸ்டாகிராமே 2024 டிசம்பர் 4-ஆம் தேதி மூடிவிட்டது. அதன் பிறகு அதிகாரபூர்வ வழியில் இதைச் செய்ய, உங்கள் கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்ற வேண்டும். விற்பவர் இதை உங்களிடம் சொன்னாரா? சொல்லவில்லை என்றால், தனிப்பட்ட கணக்குக்கு இது எவ்வழியில் இயங்குகிறது, இயங்காமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் கடவுச்சொல்லை அவர்கள் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நான்கைந்து படங்கள்தான் காட்ட வேண்டும் என்றால், கணக்கு பொதுவில் இருக்கும்பட்சத்தில் ஒவ்வொரு பதிவிலும் கிடைக்கும் எம்பெட் வசதியே போதும். அதற்குக் கட்டணம் இல்லை.