பச்சோந்தி என்ற சொல் எப்படி வந்தது? அதன் பொருள் என்ன?

கட்சி தாவுகிறவர்களைத் திட்டித் திட்டியே பழகியதால், இந்தச் சொல்லுக்குள் 'நிறம் மாறுவது' என்ற பொருள் ஒளிந்திருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. பச்சை + ஓந்தி, அவ்வளவுதான். பச்சை நிற ஓந்தி.

ஓந்தி என்பது ஓணான் வகைக்கான பழைய பெயர். பேச்சில் இன்று அரிதாகிவிட்டது. ஆனால் மலையாளத்தில் 'ஓந்து', கன்னடத்தில் 'ஓதி' என்று அதன் உறவுச் சொற்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. கொங்குப் பக்கம் ஓணானை ஓடக்கான் என்பார்கள்.

'பச்சை'யின் கடைசி 'ஐ' எங்கே போனது? சமையலறையில் பச்சரிசி டப்பாவைப் பாருங்கள். பச்சை + அரிசி சேரும்போது அங்கேயும் அதே 'ஐ' விழுந்துவிடுகிறது. பச்சிலையும் அப்படித்தான். (பச்சரிசி வெள்ளையாக இருக்கிறதே என்றால், அங்கே பச்சை என்பது வேகவைக்காதது, இங்கே நிறமேதான்.)

பெயரில் பச்சை ஏன்? மரக்கிளையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் அந்த நிறத்தில்தான் கண்ணில் படுகிறது. தோலிலுள்ள நுண்ணிய படிகங்கள் நீல ஒளியைத் திருப்பி அனுப்ப, மேலே இருக்கும் மஞ்சள் நிறமி அதோடு சேர்ந்து பச்சையாகத் தெரிகிறது.

சிவப்புத் துணியில் விட்டால் சிவப்பாகும், கட்டம் போட்ட துணியில் விட்டால் கட்டம் கட்டமாக மாறும் என்பதெல்லாம் கதை. பச்சோந்தியின் நிறத்தைப் பெரிதும் மாற்றுவது வெயில், குளிர், பயம், எதிரே வந்து நிற்கும் இன்னொரு பச்சோந்தி ஆகியவைதான்.