குமிழி அறை: கேட்டவை பதினொன்று, சொன்னவை கொஞ்சம் அதிகம்

அணுவைவிடச் சிறிய துகள்கள் போன வழியைத் திரவத்தில் குமிழி வரிசையாகக் காட்டும் கருவி குமிழி அறை. அதில் எடுத்த பழைய படம் ஒன்றைக் காட்டி "இதில் எத்தனை துகள் தெரிகிறது?" என்று கேட்டிருந்தேன். விடை சொன்னவர்கள் குறைவு, எதிர்க்கேள்வி கேட்டவர்கள்தான் அதிகம். சரி, எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் ஆராய்ச்சிக்கு வந்தபோது குமிழி அறைகள் ஏற்கெனவே அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தன, என் கை பழகியது அதற்குப் பின்வந்த கம்பி அறைகளில். ஆனால் பழைய ஃபிலிம் சுருளை மேசைமேல் பெரிதாக விழவைத்து வளைவு அளப்பது எங்களுக்குச் செய்முறைப் பயிற்சியாக இருந்தது. அப்போது பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

கேள்வி: பீர் கிளாஸில் குமிழி எழுவதைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். உண்மையா மேடம்?

கதை தலைகீழாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1952இல் இதைச் செய்தவர் டொனால்ட் கிளேசர். பீரைப் பார்த்து யோசனை வரவில்லை என்று பின்னாளில் அவரே மறுத்தார். ஆனால் யோசனை வந்த பிறகு எந்தத் திரவம் சரிப்படும் என்று தேடியபோது பீரையும் சூடாக்கிப் பார்த்தார், அது பலிக்கவில்லை. பலித்தது ஈதர், ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழுக்குள். 1960இல் நோபல் பரிசு வாங்கினார்.

கேள்வி: துகள் போன வழியில் மட்டும் ஏன் குமிழி வருகிறது? மற்ற இடத்தில் ஏன் வரவில்லை?

மைக்ரோவேவில் சூடாக்கிய தண்ணீர் சலனமில்லாமல் நிற்கும், ஸ்பூனைப் போட்டதும் குபுக்கென்று பொங்கும், பார்த்திருக்கிறீர்களா? கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல், யாராவது சீண்டட்டும் என்று காத்திருக்கும் நிலை அது. குமிழி அறையில் திரவ ஹைட்ரஜனை 26 கெல்வின் அளவில், அதாவது மைனஸ் 247 டிகிரியில், சில வளிமண்டல அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். அந்த அழுத்தத்தில் அது கொதிக்காது. துகள்களை வேகமாக்கி அனுப்பும் முடுக்கியிலிருந்து அவை வரும் நேரத்துக்குச் சற்று முன்பு பிஸ்டனை இழுத்து அழுத்தத்தைச் சட்டென்று குறைப்பார்கள். இப்போது திரவம் சீண்டலுக்குக் காத்திருக்கிறது. மின்னூட்டமுள்ள துகள் பாய்ந்து போகும்போது வழியில் உள்ள எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது, அவற்றில் சில மிகச் சிறிய இடத்துக்குள்ளேயே நின்று தங்கள் ஆற்றலை வெப்பமாகக் கொட்டுகின்றன, அந்தச் சூட்டுப் புள்ளிதான் குமிழிக்கு விதை. சில மில்லி விநாடியில் குமிழி கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்ந்ததும் ஃபிளாஷ் அடித்து, மூன்று நான்கு கேமராவில் படமெடுத்து, மொத்தத் திரவமும் கொதிப்பதற்குள் பிஸ்டனைத் திரும்பத் தள்ளிவிடுவார்கள்.

ஒரு வேடிக்கை: ஒரே மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் குமிழி பெருக்கிறது என்றுதான் கிளேசர் முதலில் கணக்குப் போட்டார். காரணம் மின்விசை இல்லை, வெப்பம் என்பது பிறகுதான் தெளிவானது. தவறான கணக்கை நம்பிச் சரியான கருவி செய்த மனிதர்.

கேள்வி: ஏன் ஹைட்ரஜன்? ஈதரிலேயே தொடர்ந்திருக்கலாமே?

ஹைட்ரஜன் அணுக்கரு என்றால் வெறும் புரோட்டான். மோதலைப் பதிவு செய்யும் திரவமே மோதப்படும் இலக்காகவும் இருக்கிறது, நியூட்ரான் எதுவும் இடையில் புகுந்து குழப்பாது. பெர்க்லியில் லூயிஸ் அல்வாரெஸ் இதைப் பிடித்துக்கொண்டு சிறிய அறைகளில் தொடங்கி 1959இல் 72 அங்குல அறை வரை போனார். அவருக்கு 1968இல் நோபல்.

கேள்வி: அக்கா, நான் பிளஸ் டூ. படத்தில் சில கோடு நேராகப் போகிறது, சில கோடு சுருள் சுருளாக இருக்கிறது. எது எந்தத் துகள் என்று எப்படிச் சொல்வது?

வா தங்கச்சி, இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. அறையைச் சுற்றிப் பெரிய காந்தம் இருக்கும், அதனால் மின்னூட்டமுள்ள துகள் வளையும். எந்தப் பக்கம் வளைகிறது என்பதிலிருந்து நேர்மின்னூட்டமா எதிர்மின்னூட்டமா என்று தெரியும். எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து உந்தம் தெரியும். சூத்திரம் எளிது: காந்தப்புலத்தை டெஸ்லாவிலும் ஆரத்தை மீட்டரிலும் எடுத்துப் பெருக்கி, 0.3ஆல் மறுபடி பெருக்கினால் உந்தம் ஜிஇவி என்ற துகள் இயற்பியல் அலகில் வந்துவிடும். 2 டெஸ்லாவில் 5 மீட்டர் ஆரம் என்றால் 3 ஜிஇவி. (ஒரு எலக்ட்ரான் மின்னூட்டம் உள்ள துகளுக்கு, தடம் புலத்துக்குச் செங்குத்தாக இருந்தால்.)

சுருண்டு சுருண்டு உள்ளே அடங்குவது எலக்ட்ரான். எடை குறைவு என்பதால் சீக்கிரம் ஆற்றலை இழக்கும், இழக்க இழக்க ஆரம் சுருங்கும். குமிழிகள் நெருக்கமாக, தடிமனாக இருந்தால் துகள் மெதுவாகப் போகிறது. ஒரே அளவு வளைந்த இரண்டு தடங்களில் ஒன்று மட்டும் தடிமனாக இருந்தால் அது கனமான துகள், அநேகமாகப் புரோட்டான். அப்புறம் நேர்மின்னூட்டமுள்ள ஒரு பையான் (சீக்கிரம் சிதையும் ஒரு துகள்) திரவத்துக்குள்ளேயே நின்றுபோனால் அதிலிருந்து கிளம்பும் மியூயான் (எலக்ட்ரானின் கனமான உறவு) எப்போதும் ஒரே நீளம்தான் போகும், ஹைட்ரஜனில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். அதன் முனையிலிருந்து ஒரு பாசிட்ரான், அதாவது நேர்மின்னூட்டமுள்ள எலக்ட்ரான், சுருண்டு கிளம்பும். அந்தக் குட்டைத் தடத்தை ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் கூட்டத்தில் தெரிந்தவர் முகம் மாதிரி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

மின்னூட்டம் இல்லாத துகளுக்குத் தடமே கிடையாது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து திடீரென்று ஆங்கில V எழுத்துப் போல இரண்டு தடம் கிளம்பினால், அங்கே லாம்டா, நடுநிலைக் கேயான் என்ற மின்னூட்டமில்லாத துகள்களில் ஒன்று சிதைந்திருக்கிறது என்று பொருள்.

கேள்வி: ஒமேகா மைனஸை ஒரே ஒரு படத்தை வைத்து நிரூபித்தார்களாமே. ஒரு படம் போதுமா?

அந்தப் படம் போதும். ஒமேகா மைனஸ் என்பது இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே கணிக்கப்பட்ட ஒரு துகள். துகள்களைக் குணங்களின்படி வரிசைப்படுத்தியபோது ஓர் இடம் காலியாக இருந்தது, அதில் உட்காரவேண்டிய துகளின் நிறை, மின்னூட்டம் எல்லாவற்றையும் கோட்பாட்டு இயற்பியலாளர் முர்ரே ஜெல்மேன் 1962இலேயே சொல்லிவிட்டார். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருந்த 80 அங்குல அறையில் ஏறக்குறைய ஒரு லட்சம் படங்களைத் துருவிய பிறகு 1964 தொடக்கத்தில் அது அகப்பட்டது.

படத்தில் நடப்பதைப் பாருங்கள். உள்ளே வந்த கேயான் ஒரு புரோட்டானை மோதுகிறது. அங்கிருந்து கிளம்பிய ஒமேகா சிறிது தூரம் போய் உடைந்து ஒரு பையானையும் நடுநிலை க்ஸை என்ற துகளையும் தருகிறது. க்ஸைக்குத் தடம் இல்லை. அது லாம்டாவாகவும் நடுநிலைப் பையானாகவும் உடைகிறது, இரண்டுக்கும் தடம் இல்லை. அந்தப் பையான் இரண்டு காமாக் கதிராகிறது, அவற்றுக்கும் தடம் இல்லை. கதையின் நடுப்பகுதி முழுக்க இருட்டு! ஆனால் லாம்டா ஒரு V ஆக உடைந்தது, இரண்டு காமாக்களுமே அறைக்குள் எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியாக மாறின. ஹைட்ரஜனில் ஒரு மீட்டர் ஓடும் காமா அப்படி மாறும் வாய்ப்பு 100க்கு 8 அளவுதான், இரண்டும் மாறுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. மூன்று ஜோடித் தடங்களையும் பின்னோக்கி நீட்டினால் முழுக் கணக்கும் நேராகிறது. பல வருடம் பேருந்தே வராத நிறுத்தத்தில் மூன்று பேருந்து ஒன்றாக வந்த மாதிரி.

கேள்வி: நியூட்ரினோவுக்கும் தடம் கிடையாது. அப்படியானால் கார்கமெல் எதைப் பார்த்தது?

அது மோதிய பிறகு நடப்பதை. ஜெனீவா அருகே செர்ன் துகள் ஆய்வகத்தில் இருந்த கார்கமெல் என்ற குமிழி அறை 4.8 மீட்டர் நீள உருளை, உள்ளே ஹைட்ரஜன் இல்லை, கனமான ஃபிரியான் திரவம். மின்னூட்டமில்லாத, மிக லேசான துகளான நியூட்ரினோ எதையும் லேசில் தொடாது, கனமான திரவமாக இருந்தால்தான் எதிலாவது மோத வாய்ப்பு அதிகம். காமா ஜோடியாவதற்கும் அதில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர்களே போதும். வழக்கமாக மியூயான் வகை நியூட்ரினோ மோதினால் ஒரு மியூயான் வெளியே வரவேண்டும். ஆனால் ஜெர்மனியின் ஆகன் நகரத்துக் குழு பார்த்த ஒரு படத்தில் ஒரே ஓர் எலக்ட்ரான் எங்கிருந்தோ கிளம்பி ஓடியது, மியூயானைக் காணவில்லை. நியூட்ரினோ வந்து, தட்டிவிட்டு, நியூட்ரினோவாகவே போய்விட்டது. மற்ற வகை மோதல்களையும் சேர்த்துப் பார்த்து இப்படி மின்னூட்டம் கைமாறாமல் நடக்கும் மோதலை 1973இல் நடுநிலை மின்னோட்டம் என்று அறிவித்தார்கள். அதற்குக் காரணமான இசட் துகளையே நேரில் பிடித்தது பத்து வருடம் கழித்து, 1983இல்.

கேள்வி: இவ்வளவு அழகாக எல்லாம் தெரிகிறதென்றால் ஏன் கைவிட்டார்கள்? டிஜிட்டல் வந்ததாலா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கேமரா அதில் சின்னப் பங்குதான், பெரிய காரணம் குமிழி அறையிடம் "இதை மட்டும் எடு" என்று சொல்ல முடியாது என்பது.

அதற்கு முன்பிருந்த, துகள் போன வழியை ஆவியில் துளி வரிசையாகக் காட்டும் மேக அறையை எடுத்துக்கொள்ளுங்கள். துகள் போன பிறகு அயனிகள் கொஞ்ச நேரம் அங்கேயே மிதக்கும். இயற்பியலாளர்கள் பிளாக்கெட்டும் ஒக்கியாலினியும் 1932இல் மேலும் கீழும், துகள் கடந்தால் மின்துடிப்பு தரும் கைகர் எண்ணிகளை வைத்து, துகள் கடந்து போனது தெரிந்த பிறகே அறையை விரித்துப் படமெடுத்தார்கள். துகள் தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டது. குமிழி அறையில் இது நடக்காது. சூட்டுப் புள்ளி மைக்ரோ விநாடிக்குள் ஆறிவிடும், பிஸ்டன் நகரவே மில்லி விநாடிகள் ஆகும். ஆகவே துகள் வருமுன்பே அறை தயாராக இருக்கவேண்டும், வந்தது முத்தா குப்பையா என்று தெரியாமலே படமெடுக்கவேண்டும். விண்வெளியிலிருந்து எப்போது வரும் என்று தெரியாத காஸ்மிக் கதிருக்கு அதனால்தான் இது உதவாமல் போனது. முடுக்கி நேரம் தவறாமல் துகளை அனுப்பியதால்தான் பிழைத்தது.

அரிய நிகழ்வுகளைத் தேட ஆரம்பித்ததும் இது தாங்கவில்லை. செர்னின் மிகப்பெரிய குமிழி அறை 3.7 மீட்டர் விட்டம், 1973லிருந்து 1984 வரை ஓடி 63 லட்சம் படம் எடுத்தது. செர்னின் இன்றைய பெரிய முடுக்கியான எல்எச்சியில் துகள் கற்றைகள் ஒரு விநாடிக்கு 4 கோடி முறை குறுக்கிடுகின்றன. அந்தப் பதினோரு வருட உழைப்பு அங்கே ஆறில் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும்.

ஆற்றல் ஏறினால் இன்னொரு சங்கடம். 100 ஜிஇவி துகள் 2 டெஸ்லாவில் ஒரு மீட்டர் ஓடினால் நேர்கோட்டிலிருந்து முக்கால் மில்லிமீட்டர்தான் விலகும், குமிழியே கிட்டத்தட்ட அந்த அளவில் இருக்கும்போது எதை அளப்பது? அதோடு, இரண்டு கற்றைகள் எதிரெதிரே மோதும் இயந்திரத்தில் கற்றை ஓடுவது வெற்றிடத்தில், அதன் நடுவே திரவத்தை எங்கே வைப்பது!

கேள்வி: லட்சக்கணக்கான படங்களை யார் உட்கார்ந்து பார்த்தது?

பெரும்பாலும் பெண்கள். இயற்பியல் படித்தவர்களாக இருக்கவேண்டியதில்லை, பழகிய கண் போதும். ஷிஃப்ட் போட்டு, இருட்டறையில், மேசைமேல் விழும் படத்தில் தேடி, தடத்தின் புள்ளிகளைக் குறித்துக் கொடுப்பார்கள். அதற்கு முன்பு, புகைப்பட எமல்ஷன் பூச்சிலேயே தடங்களைப் பதிவு செய்த காலத்தில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் குழு சில படங்களின் கீழே தடத்தைக் கண்டவர் பெயரையும் அச்சிட்டது. நான் ஒரு மதியம் நாற்பது படம் அளந்ததற்கே கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தவள், அதனால் "ஸ்கேனிங் பெண்கள்" என்று ஒற்றைச் சொல்லில் கடந்துபோகும் வரலாறுகளைப் படிக்கும்போது கோபம்தான் வருகிறது.

இந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்கப் போய்ப் பிறந்ததுதான் பால் ஹஃபின் கோடு கண்டுபிடிக்கும் முறை, 1962இல் காப்புரிமை. சாலைக் கோட்டைக் கேமராவில் அடையாளம் காண இன்றும் அது பயன்படுகிறது.

கேள்வி: இத்தனை திரவ ஹைட்ரஜனை வைத்து வேலை செய்வது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். 1965 ஜூலையில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் எலக்ட்ரான் முடுக்கியில் 40 அங்குல அறையில் ஹைட்ரஜன் நிரப்பும்போது பெரிலியம் ஜன்னல் உடைந்து வெடித்தது. ஒருவர் இறந்தார்.

கேள்வி: அப்புறம் என்ன வந்தது? எல்எச்சி படங்கள் போட்டோவா?

இல்லை, அவை கணினி வரைந்தவை. இடையில், துகள் போன வழியில் தீப்பொறி பாயும் தீப்பொறி அறை வந்தது. துகள் போனது தெரிந்த பிறகு மின்னழுத்தம் கொடுத்தால் போதும், தேர்ந்தெடுக்கலாம். 1962இல் மியூயான் நியூட்ரினோ அதில்தான் பிடிபட்டது. 1968இல் ஜார்ஜ் ஷார்பாக் பல கம்பிகள் கொண்ட அறையைச் செய்தார். வாயுவுக்குள் மெல்லிய கம்பிகளை வரிசையாகக் கட்டி ஒவ்வொன்றின் மின்துடிப்பையும் தனித்தனியாகக் கேட்டால் ஃபிலிமே தேவையில்லை. எந்த ஈரமான நாளில் எந்தக் கம்பி மின்கசிவு காட்டும் என்று நான் வருடக்கணக்கில் கற்ற வித்தை இன்று யாருக்கும் தேவைப்படுவதில்லை, மோதல் நடக்கும் இடத்தைச் சுற்றி எல்லாம் சிலிக்கான் உணரிகள் வந்துவிட்டன.

கேள்வி: வீட்டில் செய்ய முடியுமா? இப்போது எங்காவது ஓடுகிறதா?

குமிழி அறையை வீட்டில் செய்யாதீர்கள், போன பதிலுக்கு முந்தைய பதிலைப் படியுங்கள். மேக அறை செய்யலாம். மூடிய கண்ணாடிப் பெட்டி, மேலே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி, அடியில் கறுப்புத் தகடு, அதன் கீழே உலர்பனி, பக்கத்திலிருந்து ஒரு டார்ச். கையுறை கட்டாயம், காற்றோட்டம் வேண்டும், நெருப்பு கிட்டே கூடாது. பத்து நிமிடம் பொறுங்கள். குட்டையாகத் தடிமனாக வருவது ஆல்பா, நெளிந்து போவது எலக்ட்ரான், நீளமாக நேராக இருப்பது அநேகமாக மியூயான்.

ஓடுகிறதா என்றால், ஓடுகிறது. கனடாவில் சட்பரி சுரங்கத்தில் 2 கிலோமீட்டர் ஆழத்தில் பிகோ என்ற ஆய்வுக் குழு இருண்ட பொருளை (ஈர்ப்பால் மட்டும் இருப்பு தெரியும், ஒளி தராத பொருளை) தேடக் குமிழி அறைதான் வைத்திருக்கிறது. எலக்ட்ரான் போனால் குமிழி வராத அளவுக்கு மட்டும் திரவத்தைச் சூடாக வைத்திருப்பார்கள், அணுக்கரு உதைபட்டால்தான் குமிழி. மில்லி விநாடிக் கணக்கெல்லாம் இல்லை, நிமிடக் கணக்கில் காத்திருக்கும், குமிழி வந்ததைக் கேமரா கண்டதும் பதிவாகும். கூடவே ஒலி உணரிகளும் இருக்கின்றன, ஆல்பாத் துகளின் குமிழி மற்றவற்றைவிடச் சத்தமாக வெடிக்குமாம், அதை வைத்தே ஆல்பாவைக் கழித்துவிடுகிறார்கள். இருண்ட பொருள் இதுவரை சத்தம் போடவில்லை.