ஊசி பயாப்ஸிக்குப் பிறகு மார்பகப் படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: மார்பகக் கட்டியில் ஊசி பயாப்ஸி (ஊசியால் திசு மாதிரி எடுக்கும் சோதனை) செய்து, ஃபைப்ரோஅடினோமா என்ற தீங்கற்ற கட்டிதான், புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. பத்து நாள் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருப்பதாகச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: பயம் இயல்புதான், அம்மா. ஆனால் ஃபைப்ரோஅடினோமா பத்து நாளில் அப்படி வளர்வதில்லை. 14 கேஜ் தடிமனுள்ள ஊசி சென்ற பாதையில் இரத்தம் கசிந்து கட்டியை ஒட்டித் தேங்கும்போது, இரண்டும் ஒன்றாகச் சேர்த்து அளக்கப்பட்டுவிடுவதுண்டு. தோலில் கருநீலம் பச்சையாகி, மஞ்சளாகி மறைவதுபோல, உள்ளிருக்கும் இரத்தக்கட்டும் பெரும்பாலும் சில வாரங்களில் கரையும். காய்ச்சல் வந்தாலோ, அந்த இடம் சிவந்து சூடானாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஊசித் தழும்பு மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே படத்தில்) நிலைத்துவிடுமா?

பதில்: பெரும்பாலும் நிலைக்காது. அறுவை சிகிச்சை செய்த இடத்தில் திசு சுருங்கி இழுபட்ட தோற்றம் பல ஆண்டுகள் இருக்கலாம். ஊசி பயாப்ஸி அப்படி அடையாளம் விடுவது அரிது. எப்போதாவது கொழுப்புத் திசு நைந்து, முட்டை ஓடுபோல மெல்லிய சுண்ண விளிம்புள்ள எண்ணெய்க் கட்டியாக மாறும், அது தீங்கற்றது. ஆகவே ஓராண்டு கழித்து அதே இடத்தில் திசு புதிதாக இழுபட்டுத் தெரிந்தால், ‘ஊசித் தழும்புதான்’ என்று தள்ளிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். அதைத் தனியாக ஆராய்ந்தே தீரவேண்டும்.

கேள்வி: படத்தில் எள்ளளவு வெண்புள்ளி தெரிகிறதே?

பதில்: மாதிரி எடுத்த இடத்தை அடையாளம் காட்ட வைக்கும் கிளிப் அது, பெரும்பாலும் டைட்டானியம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவு. மேமோகிராம் வழிகாட்டுதலில் பயாப்ஸி செய்யும்போது, அழுத்திய மார்பகம் விடுபட்டு விரிகையில் கிளிப் சற்று நகர்ந்துவிடலாம் என்பதால்தான் உடனே இன்னொரு படம் எடுக்கிறார்கள்.

கேள்வி: தீங்கற்றது என்றால் மறுபடி ஏன் வரச் சொல்கிறார்கள்?

பதில்: ஊசி எடுத்தது சில துண்டுகளைத்தான். விளிம்பு தெளிவான நீள்வட்டக் கட்டியில் ஃபைப்ரோஅடினோமா என்று முடிவு வந்தால் படமும் முடிவும் பொருந்துகின்றன. அப்போது ஆறு அல்லது பன்னிரண்டு மாதத்தில் பார்த்தால் போதும். முள்முள்ளாகப் படர்ந்த கட்டிக்குத் தீங்கற்றது என்று வந்தால் பொருந்தவில்லை. மாதிரியை மீண்டும் எடுக்க வேண்டும்.

கேள்வி: அடுத்த முறை எதைக் கொண்டுபோக வேண்டும்?

பதில்: ரிப்போர்ட்டோடு பழைய படங்களையும். பயாப்ஸி செய்த தேதி, எந்தப் பக்கம், மார்பகத்தைக் கடிகார முகமாக எண்ணினால் கட்டி எத்தனை மணி நிலையில் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.