பல பல்கலைக்கழகங்கள் ஆய்வுத் தரவை ஒரே சேமிப்பகத்தில் வைப்பது ஏன்?

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கு வேண்டிய வட்டுகளைத் தானே வாங்கிக்கொள்ளலாமே, வட்டாரப் பொதுச் சேமிப்பகம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் ‘நார்த்ஈஸ்ட் ஸ்டோரேஜ் எக்ஸ்சேஞ்ச்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹார்வர்ட், எம்.ஐ.டி., பாஸ்டன், நார்த்ஈஸ்டர்ன், மாசசூசெட்ஸ் ஆகிய ஐந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஹோலியோக் நகரில் அமைத்து, 2012-இல் திறந்த கணினி மையத்தில் அது இயங்குகிறது.

செலவு குறைவதற்கு மொத்தக் கொள்முதல் ஒரு காரணம்தான். அதைவிட முக்கியமானது தரவைப் பாதுகாக்கும் முறை. ஒரு சிறிய துறை 100 டெராபைட் தரவை மூன்று நகல்களாக வைத்தால் 300 டெராபைட் இடம் வேண்டும். அதையே 8 துண்டுகளாகப் பிரித்து, கணக்கிட்டு உருவாக்கிய 3 மீட்புத் துண்டுகளையும் சேர்த்து 11 சர்வர்களில் பரப்பினால், எந்த மூன்று பழுதானாலும் தரவு முழுமையாகத் திரும்பக் கிடைக்கும்; இடமோ 137.5 டெராபைட் போதும். ஆனால் இதற்குச் சர்வர்கள் நிறைய வேண்டும் என்பதால், தனித்த ஒரு துறைக்கு இது எட்டாது, கூட்டாகச் சேரும்போதே கைகூடும். அரிதாகத் தேடப்படும் பழைய தரவைக் காந்த நாடாவுக்கு மாற்றிவிடலாம்.

என் பார்வையில், உண்மையான சிக்கல் வன்பொருளில் இல்லை. முனைவர் பட்டம் முடித்து மாணவர் வெளியேறியபின் அவர் விட்டுச்சென்ற நுண்ணோக்கிப் படங்கள் யாருடையவை, எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பது, கட்டணம் யார் கட்டுவது என்பவற்றைப் பொதுச் சேமிப்பகத்தில் சேரும்போதே எழுத்தில் முடிவு செய்தாக வேண்டும்.