புதிதாகச் சாப்பாட்டுக் கடை போடப் போகிறேன். என் வாடிக்கையாளர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடை போடுவதற்கு முன்பே இதைக் கேட்கிறீர்கள், நல்லது. நான் கடை போட்டு மூன்று மாதம் நஷ்டப்பட்ட பிறகுதான் யோசித்தேன்.

கம்பத்தில், கம்பம் மெட்டுக்குப் போகிற சாலையில் என் டிபன் கடை. மலை ஏறினால் கேரளா. ஏறுகிற கார்கள் நிற்கும் என்று நம்பி, காலை ஏழரைக்குத் திறந்து இட்லி, பொங்கல், பூரி போட்டேன். கார்கள் நிற்கவில்லை. பத்து மணிக்குப் பாதி இட்லி அப்படியே இருக்கும்.

ஒருநாள் ஐந்தரைக்கே கடைக்கு வர வேண்டியிருந்தது. அப்போதுதான் பார்த்தேன், இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள். நெருக்கியடித்து உட்கார்ந்த பெண்கள், மடியில் தூக்குவாளி. தினமும் நான் கடை திறப்பதற்குள் இவர்கள் மலை ஏறிவிடுகிறார்கள்!

மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கே திறந்தேன். முதல் வாரம் வாங்கினார்கள், அடுத்த வாரம் குறைந்துவிட்டது. சாயங்காலம் ஜீப்பில் இறங்கிய ஓர் அக்காவிடம் காரணம் கேட்டேன். வாளியைத் திறந்து காட்டினார். தேங்காய்ச் சட்னி நுரைத்துப் போய், அதில் நனைந்த இரண்டு இட்லி அப்படியே இருந்தது. "நாங்க சாப்பிட மதியம் ஆயிரும் தாயி. அதுவரைக்கும் தாங்குறதாக் குடு" என்றார்.

காலையில் வாங்கினாலும் அவர்களுக்கு அது மதியச் சாப்பாடு. அன்றிலிருந்து புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய் சேர்க்காத பருப்புத் துவையல். பொட்டலம் கட்டி அடுக்கி வைத்துவிடுவேன், ஜீப் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்காது.

அதனால் வயது, வருமானம் என்று பட்டியல் போடுவதைவிட, எத்தனை மணிக்கு வாங்குகிறார், எங்கே வைத்து எப்போது சாப்பிடுகிறார், கையில் காசு என்றைக்கு வரும் என்று பாருங்கள். என்னிடம் வாங்குகிறவர்களில் பலர் வாரக்கூலி வாங்குகிறவர்கள். நோட்டில் எழுதிக்கொண்டு கூலி நாளில் வாங்கிக்கொள்கிறேன், பெரும்பாலும் தவறுவதில்லை. இன்னொன்று, சாப்பிடுகிறவர் ஒருவர், எங்கே வண்டி நிற்பது என்று முடிவு செய்கிறவர் இன்னொருவர். ஜீப் டிரைவர்கள் தம்பிமார்கள் மாதிரி. அவர்களுக்கு முதலில் சூடாக டீ கொடுத்துவிடுவேன்.

உங்கள் இடத்தில் இரண்டு வாரம் நோட்டோடு உட்காருங்கள். விடியற்காலை, மதியம், இரவு மூன்று நேரமும் பாருங்கள். வாங்கியவரை மட்டும் எழுதாதீர்கள். எட்டிப் பார்த்துவிட்டுப் போனவரையும் எழுதுங்கள், முடிந்தால் கூப்பிட்டு என்ன தேடினார் என்று கேளுங்கள். எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

சீசனையும் கணக்கில் வையுங்கள். ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் பொட்டலம் பத்தாது, கோடையில் வேலை குறைந்தால் பாதியாகிவிடும். கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப சாமிமார் வருவார்கள். கூட்டம் அதிகமானால் சபரிமலை போகிற வண்டிகளைக் கம்பம் மெட்டு வழியாகத் திருப்பிவிட்டு, திரும்புகிற வண்டிகளைக் குமுளி வழியாக இறக்குவார்கள். அதனால் என் சாலையில் ஏறுகிறவர்கள் இன்னும் விரதத்தில் இருப்பவர்கள். ஆம்லெட் கல்லைப் பார்த்தாலே உள்ளே வரமாட்டார்கள். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு முடியும்வரை முட்டையை நிறுத்திவிடுகிறேன். தோட்டத்துக்குப் போகிற அக்காமார்களிடம் ஐப்பசியிலேயே சொல்லிவிடுவேன், அவர்களும் சரி என்றுதான் சொல்கிறார்கள்.